அக்காவுக்கு வாங்கிய லேப்டாப்பும் அக்கா வாங்கிய லேப்டாப்பும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கண் தெரியாத அக்காவுக்கு, கடையிலேயே நல்ல திரை எதில் இருக்கிறது என்று தேடித் தேடி ஒரு லேப்டாப் வாங்கி வந்தவன் நான். அதுவும் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் லேப்டாப் வாங்கினாலும், ஓசூரிலிருந்து வேலூர் வரைக்கும், பாலகுமாரைத்தான் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் “எவ்ளோ ரேம் போடலாம் குமாரு?” என்று கேட்பார். ரசம் இலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். நான் பெரிய டாக்டர் மாதிரி சீட்டு எழுதிக் கொடுப்பேன். அப்படி எத்தனை பேருக்கு என்னென்ன தலையில் கட்டியிருக்கிறேனோ, இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

அக்கா பெயர் நிருபமா. வயது நாற்பத்தொன்று. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. கூட நான் இருக்கிறேன் என்றதும், ஊரில் எல்லோரும் தம்பி அக்காவைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். வீட்டு ஒப்பந்தம் அக்கா பெயரில். கேஸ் அக்கா பெயரில். எனக்கு வேலை கிடைத்து, ஒரு பெட்டியோடு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய நாளில், எந்த பஸ் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று போனில் சொல்லி என்னை வீட்டுக்கு வரவழைத்தவளும் அவள்தான். அவள் வீட்டில் குடியிருப்பவன் நான். இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நானும் ரொம்ப வற்புறுத்திச் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரியில் அக்கா கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது கண் நரம்பு பழுதாகி, ஒரே வருஷத்தில் முழுக்கப் பார்வை போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அவளும் அழுதாள், ஆனால் அவள்தான் முதலில் நிறுத்தினாள். பெங்களூரில் பார்வையில்லாதவர்களுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எங்கிருந்தோ விசாரித்து வந்து, பஸ்ஸுக்குப் பணம் கேட்டாள். பயிற்சி முடிந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டெலிபோன் பலகையில் உட்கார்ந்தவள், பதினாறு வருஷம் அங்கேயே இருந்தாள். நானூறு எக்ஸ்டென்ஷன் நம்பரும் அவளுக்கு மனப்பாடம். எந்த டாக்டர் போனை எடுக்கவே மாட்டார், அவரைப் பிடிக்க எந்த நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதும் மனப்பாடம்.

கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. ஒருமுறை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தவளை, ஒரு புண்ணியவான் கேட்காமல் கொள்ளாமல் கையைப் பிடித்து, அவள் போகவே வேண்டாத ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறியிருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் அவர் கையைப் பிடித்து இறக்கி, கன்னடத்தில் நாலு வாங்கு வாங்கி, அவரையே தன்னோடு பழைய இடத்துக்குத் திரும்ப நடக்க வைத்துத்தான் விட்டாள். உதவி செய்ததற்கு இப்படியா என்று நான் கேட்டேன். “உதவியா? எங்க போகணும்னு ஒரு வார்த்தை கேட்டானா அவன்?” என்றாள். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். டெலிபோன் பலகையை எடுத்துவிட்டு, ஒன்றை அமுக்கு இரண்டை அமுக்கு என்று சொல்லும் இயந்திரக் குரலை வைக்கப் போகிறார்களாம். ஆபரேட்டர்கள் விரும்பினால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்யும் குழுவுக்கு மாறலாம். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. ஹெட்செட்டும் லாகினும் அவர்கள் தருவார்கள், லேப்டாப் நம்முடையது. சனிக்கிழமை காலை ஒரு தேர்வு: ஒரு மணி நேரத்தில் குறைந்தது பத்து அழைப்புகளைக் கேட்டு, சரியாகப் பதிவு செய்ய வேண்டும். முடியாதவர்களுக்கு சால்வை போட்டு மரியாதையாக வழியனுப்பு விழா.

“சால்வை போத்திக்கிட்டு வர்ற வயசா எனக்கு?” என்றாள் அக்கா. “லேப்டாப் வாங்கணும். வெள்ளிக்கிழமை லீவு போடு, சேர்ந்து போய் பார்ப்போம்.”

நான் சரி என்றேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி பத்ரிநாத். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். “உங்க சிஸ்டருக்கு ஸ்க்ரீன் பார்க்க முடியாதே, அதனால ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து ஸ்க்ரீனைப் படிச்சுச் சொல்லலாம். டெஸ்ட்லயும் சரி, அப்புறம் வீட்லயும் சரி. ஃபார்ம்ல உதவியாளர்னு ஒரு கட்டம் போட்டிருக்கேன். உங்க பேரை எழுதிக்கலாமா?” என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ரொம்ப தேங்க்ஸ் சார், எழுதிக்குங்க சார், நானே உட்கார்றேன் சார் என்று பல்லை இளித்துக்கொண்டு சொன்னேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த உற்சாகத்தில் புதன்கிழமை ஆபீஸ் முடிந்ததும் நேராகப் பெரிய கடைக்குப் போனேன். திரையைப் படித்துச் சொல்லப் போகிறவன் நான்தானே, அதனால் திரை நன்றாக இருக்க வேண்டும். தொட்டால் வேலை செய்யும் திரை. கத்தி மாதிரி மெல்லிய உடம்பு. இரண்டு விரலில் தூக்கலாம். பெட்டியோடு வீட்டுக்கு வந்து, “அக்கா, கையை நீட்டு” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது உண்மை. பெட்டியைப் பிரித்து, மடியில் வைத்து, விளிம்பு முழுக்க விரலால் ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள். மலர்ச்சி போய்விட்டது.

“இயர்போன் ஓட்டை எங்கடா?”

“அதெல்லாம் இப்ப வர்றதில்லக்கா. ப்ளூடூத் போட்டுக்கலாம்.”

“ஹெட்செட் எங்க சொருகறது?”

“அதுக்கு தனியா ஒரு கனெக்டர் வாங்கிக்கலாம்.”

“நம்பர் கீ எல்லாம் எங்க?” வலது பக்கம் தடவினாள். “இன்சர்ட் எங்க?”

“கேப்ஸ் லாக்கை அதுக்குப் பதிலா வச்சுக்கலாம்கா. லாம், லாம்னு நிறைய இருக்கு” என்று சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் ஒரு மென்பொருள் உண்டு. அக்கா அதை ‘ரீடர்’ என்பாள். மவுஸ் அவளுக்கு எதற்கு? எல்லாம் விசைகள்தான். வலது ஓரத்தில் இருக்கும் எண் விசைகளில் ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் வரி வரியாக வாசிக்க. நாலு, ஐந்து, ஆறு வார்த்தை வார்த்தையாக. ஒன்று, இரண்டு, மூன்று எழுத்து எழுத்தாக. இன்சர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வேறு விசையைத் தட்டினால் ரீடருக்குக் கட்டளை. இடது காதில் சின்ன இயர்போனில் ரீடர் பேசும். வலது காதில் ஹெட்செட்டில் ஆள் பேசுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு, வாயால் மூன்றாவதாக அவள் பேசுவாள். ரீடரின் வேகம் எனக்குப் புரியவே புரியாது. பொரிகடலையைத் தகரத்தில் கொட்டும் சத்தம்தான் கேட்கும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தும், அவள் விரல் எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். ரீடரைப் போட்டு ப்ளூடூத் இயர்போனை மாட்டினாள். ஒவ்வொரு முறை அது வாயைத் திறக்கும்போதும் முதல் சத்தத்தை விழுங்கிவிட்டுத்தான் பேசியது. விளிம்பைத் தடவும்போது விரல் திரையில் பட, ஏதோ ஒன்று திறந்துகொண்டது. ஒரு பெயரைத் தட்டினாள், தப்பாகிவிட்டது, அழிக்கப் போனாள். டெலீட் இருக்க வேண்டிய மூலையில் அந்த மகராசன் கம்பெனிக்காரன் பவர் பட்டனை வைத்திருந்தான். ரீடர் பாதி வார்த்தையில் செத்துப் போனது.

“ஆள் லைன்ல இருக்கறப்ப இப்படி ஆனா நான் என்னடா சொல்லுவேன்? ‘கொஞ்சம் இருங்க, என் தம்பி வாங்கின லேப்டாப் தூங்கிடுச்சு’ன்னா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆசையாக வாங்கி வந்தால் இப்படியா? “எதுக்குக்கா இவ்ளோ கவலை? நான்தான் பக்கத்துல உட்காரப் போறேனே. பத்ரிநாத் சார்கிட்ட பேசியாச்சு. ஃபார்ம்லகூட என் பேரை எழுதிட்டாரு” என்று எகிறினேன்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“வேலை யாருக்குடா? உனக்கா எனக்கா?” என்றாள். “உதவியாளர்னு ஒரு பேரை ஒருதரம் எழுதிட்டா என்ன ஆகும் தெரியுமா? அந்த ஆளுக்குக் காய்ச்சல்னா எனக்கு லீவு. அந்த ஆளை கம்பெனி ஹைதராபாத்துக்கு மாத்துனா எனக்கு வேலை இல்ல. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி நீ போனா, நானும் சால்வையோட வீட்டுக்குப் போகணும். பதினாறு வருஷம் அந்தப் பலகையில தனியா உட்கார்ந்தேன். எவன் பேரையும் எழுதல.”

“எனக்குத் தோணலக்கா.”

“தோணாது. நீ பார்த்த லேப்டாப் உனக்கு நல்லாருக்கு. எனக்கு என்ன வேணும்னு நீ கேட்கவே இல்ல.”

பஸ்ஸில் ஏற்றிவிட்ட புண்ணியவானுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்துவிட்டது, எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் லீவு போட்டேன். அவளும் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, எனக்கே இருக்கட்டும். வேறு மாடல் பார்க்கலாம் என்றதும் அஷ்வின் என்று சட்டையில் பெயர் குத்திய விற்பனையாளன் வந்தான். வந்தவன் என்னைப் பார்த்து, “மேடத்துக்கு என்ன யூஸ் சார்?” என்றான்.

“மேடம் இங்கதான் நிக்கறேன்” என்றாள் அக்கா.

அவள் கையிலிருந்த வெள்ளைக் குச்சியை அவன் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். திடுக்கிட்டு, “சாரி மேடம். இது பாருங்க... இல்ல... இதோட டிஸ்ப்ளே...” என்று மென்று முழுங்கினான். பழக்க தோஷம், அவன் வாயில் டிஸ்ப்ளேயைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அக்கா அவனிடம் நிதானமாகக் கேட்டாள். நம்பர் விசைகள் தனியாக இருக்க வேண்டும். இன்சர்ட் தனி விசை. டெலீட் பக்கத்தில் பவர் பட்டன் கூடாது. இயர்போன் ஓட்டை வேண்டும். பழைய மாதிரி செவ்வக யு.எஸ்.பி. ஓட்டை குறைந்தது இரண்டு வேண்டும். தொடுதிரை கூடவே கூடாது. விசைகளுக்கு நடுவில் பள்ளம் தெரிய வேண்டும், வழவழவென்று இருக்கக் கூடாது. அஷ்வின் ஆறு மாடல் காட்டினான். ஆறையும் தடவிப் பார்த்து ஆறையும் வேண்டாம் என்றாள். ஒன்றில் அது இருந்தால் இது இல்லை. கடைசியில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“உண்மையைச் சொல்றேன் மேடம். நீங்க கேக்கறதெல்லாம் ஆபீஸ்காரங்க வாங்கற தடி மாடல்லதான் இருக்கும். நம்ம கடைல வராது. அடுகோடில, கம்பெனிங்க திருப்பிக் குடுத்த மெஷினை சரி பண்ணி விக்கறாங்க. அங்க பாருங்க.” ஒரு விற்பனையாளன் வந்த ஆளை வேறு கடைக்கு அனுப்புவது லேசுப்பட்ட காரியமா? நல்லா இரு என்று அக்கா அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அடுகோடி. வெல்டிங் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர். உள்ளே அடுக்கடுக்காகக் கறுப்பு லேப்டாப்புகள். கடைக்கார அம்மா பெயர் காந்தா. ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“எல்லாத்தையும் ஆஃப்லயே வச்சுக் குடுங்கம்மா. மூடியைத் திறந்து வரிசையா டேபிள் மேல வைங்க. நான் கையால பார்த்துச் சொல்றேன்.”

காந்தா அம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தார். “ஸ்வல்ப இரும்மா” என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு மேஜையைத் துடைத்தார். பத்து, பன்னிரண்டு என்று அடுக்க ஆரம்பித்து பதினாலில் நிறுத்தினார்.

பெண்பார்க்கும் படலம்கூட இவ்வளவு கண்டிப்பாக நடக்காது. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் மெஷினிலிருந்து தொடங்கினாள். இடது சுட்டுவிரல் எஃப், வலது சுட்டுவிரல் ஜே. அங்கே இருக்கும் சின்ன மேடு தேய்ந்திருந்தால் அப்போதே கழிவு. பிறகு வலது கை நம்பர் விசைகளுக்குப் பறந்து போய்த் திரும்பும். நாலு முறை, ஐந்து முறை. தடுமாறினால் கழிவு. இப்படி ஒன்பது போயிற்று.

“அக்கா, இந்த அஞ்சாவது இருக்கே, இது புது ப்ராசஸர். நீ கையில வச்சிருக்கறது நாலு வருஷம் பழசு” என்றேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

“நான் என்ன, இதுல ராக்கெட்டா விடப் போறேன்? சும்மா இரு.”

காந்தா அம்மா சிரித்துவிட்டார். மிச்சம் ஐந்தையும் அவர் இயக்கிவிட, அக்கா ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். பக்கவாட்டில் காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டாள். பையிலிருந்து ஆஸ்பத்திரி ஹெட்செட்டை எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் சொருகி ஆட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசியில் பதினொன்றாவது மெஷின் மேல் கையை வைத்தாள். கறுப்பு. செங்கல் கனம். நான் தெருவில் கிடந்தால் எடுக்க மாட்டேன்.

“இதுதான்.”

காந்தா அம்மா தயங்கினார். “அதுல ஒண்ணு சொல்லிடணும்மா. ஸ்க்ரீன்ல நடுவுல கறுப்பா ஒரு திட்டு இருக்கு. மை கொட்டின மாதிரி. அதுக்குத்தான் ஆறு மாசமா யாரும் எடுக்கல. மத்தபடி மெஷின் பங்காரம், சொக்கத் தங்கம். பேட்டரி புதுசா போட்டுக் குடுக்கறேன்.”

“ஐயையோ, திட்டு விழுந்த ஸ்க்ரீனா! வேண்டவே வேண்டாம்” என்று நான் குதித்தேன்.

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “யாருக்குடா திட்டு?” என்றாள்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வெல்டிங் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு இரண்டாவது முறையும் உறைத்தது. இந்த முறை வலிக்கவில்லை.

அன்று மத்தியானமே ரீடரைப் போட்டு, பயிற்சிக்குக் கொடுத்த லாகினில் நுழைந்து பழக ஆரம்பித்தாள். அங்கேயும் ஒரு வில்லங்கம். பதிவை உறுதி செய்யும் பட்டனுக்கு அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் பெயர் வைக்கவில்லை. ரீடர் வெறுமனே ‘பட்டன்’ என்றது. அப்படி நாலு பட்டன். எது உறுதி, எது ரத்து? நான் எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தும்விட்டேன். அவள் விரலைத் தூக்கி என்னை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக அமுக்கி, என்ன ஆகிறது என்று கேட்டு, டாக்டர் பெயரிலிருந்து மூன்றாவதுதான் உறுதி என்று அவளே கண்டுபிடித்தாள். பிறகு என்னை அடுத்த அறைக்கு விரட்டினாள். நான் நோயாளியாகப் போன் செய்ய வேண்டும். முதுகு வலிக்குப் பல் டாக்டர் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கிழவராக நான் பேசியதற்கு, “உங்களுக்கு முதல்ல காது டாக்டரைப் பார்க்கலாம்” என்றாள். சாயங்காலத்துக்குள் முப்பது முறை செத்துப் பிழைத்திருப்பேன்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி. கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு சின்ன அறை. மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பத்ரிநாத் சார் வரவேற்று, “நீங்க இங்க உட்காருங்கம்மா. தம்பி பக்கத்துல” என்றார்.

“எனக்கு ஒரு நாற்காலி போதும் சார். ரெண்டாவது இருந்தா கால்ல இடிக்கும்” என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வராந்தாவில் போட்டேன். உட்காரத்தான் முடியவில்லை. கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றேன்.

பத்து மணிக்கு முதல் அழைப்பு. அக்காவின் முன்னால் அவள் வாங்கிய செங்கல் லேப்டாப், இடது காதில் இயர்போன், வலது காதில் ஹெட்செட். முதுகு நேராக இருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைவதும் விரல் ஓடுவதும் தெரிந்தன. இரண்டாவது, மூன்றாவது. பின்னால் நின்ற பத்ரிநாத் சார் குனிந்து குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. கதவைத் திறந்துகொண்டு வேகமாக வெளியே வந்தார்.

“சார், ஸ்க்ரீன் ஆஃப் ஆயிடுச்சு. முழுக்கக் கறுப்பா இருக்கு. அவங்களுக்குத் தெரியல போல. நீங்க உடனே உள்ள வாங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. பதினாறு வருஷ வேலை, இன்னும் நாற்பது நிமிஷம், உள்ளே தனியாக என் அக்கா. ஓடிப் போய் ஏதாவது செய் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் விரல் நிற்கவே இல்லை.

“ஆஃப் ஆகல சார். அவதான் இருட்டாக்கி வச்சிருக்கா. ரீடர்ல அப்படி ஒரு வசதி இருக்கு” என்றேன். “நான் உள்ள வரல.”

“அப்ப எப்படி வேலை நடக்குதுன்னு நான் எப்படிப் பார்க்கறது?”

“பதிவு எல்லாம் உங்க சர்வர்ல ஏறியிருக்குமே சார். அங்க பாருங்க.”

அவர் தன் மேஜைக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரில் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெருமையா, வெட்கமா, பயமா, எல்லாம்தான்.

பதினொரு மணிக்கு முடிந்தது. பன்னிரண்டு அழைப்புகள். ஒன்றில் மட்டும் காலைக்குப் பதில் மாலை என்று பதிந்துவிட்டாளாம். அதை அவளே கண்டுபிடித்து, அழைத்தவரைத் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு மாற்றியிருக்கிறாள். “வீட்ல வேலை பார்க்கறப்ப நோயாளி விவரத்தை வேற யாரும் பார்க்காம எப்படிப் பார்த்துக்குவீங்கன்னு எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்கணும்” என்று ஆரம்பித்த பத்ரிநாத் சார், கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டுத் தானே சிரித்தார். “உங்ககிட்ட கேட்க வேண்டியதில்லம்மா” என்றார்.

பிறகு ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். வேலை மாற்றப் படிவம். காகிதத்தை ரீடர் படிக்காது. அக்கா கதவுப் பக்கம் திரும்பி, “குமார், உள்ள வா. இதைப் படி” என்றாள்.

போனேன். பெயர், ஊழியர் எண், பணி, பணி நேரம் எல்லாம் படித்தேன். அதற்குக் கீழே பேனாவால் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை விட்டுவிட்டுப் படித்திருந்தால் அவளுக்குத் தெரியாது. அதையும் படித்தேன்.

“உதவியாளர்: பாலகுமார். உறவு: தம்பி.”

அக்கா பத்ரிநாத் சார் இருந்த திசையில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு, மேலே ‘தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“என்ன எழுதினாரு? படி.”

“தேவையில்லைன்னு எழுதியிருக்காருக்கா.” என் குரல் உடைந்துவிட்டது.

“அதுக்கு எதுக்குடா அழுவுற?” என்றாள். அவள் குரலும் அவ்வளவு சரியாக இல்லை. பேனாவுக்குக் கையை நீட்டினாள். “கையெழுத்து எங்க போடணும், விரலை அங்க வை.”

வைத்தேன். போட்டாள். “திங்கக்கிழமைலேர்ந்து எட்டு மணிக்கு ஷிஃப்ட்” என்றாள். “அந்த நேரத்துல என் ரூம் கதவைத் தட்டக் கூடாது. காபி நீயே போட்டுக்கோ.”